வெளிநாட்டில் இருந்தபடி ஊரில் பழைய கார் வாங்குவோருக்கு: பெயர் மாற்றமும் இன்சூரன்சும்

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று ராமநாதபுரம் கடற்கரை நெடுகிலும், வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒருவராவது சம்பாதிக்காத தெருவைக் காண்பது அரிது. பெற்றோரை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், விடுப்பில் வரும்போது குடும்பத்தோடு போய்வரவும் ஊரில் ஒரு பழைய கார் வாங்கிப் போடலாம் என்று முதன்முறையாக நினைக்கும் சபுராளிகளுக்காக, அதாவது வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்காக, இக்கட்டுரை எழுதப்படுகிறது. வண்டியைத் தேடுவதையும் விலை பேசுவதையும் மச்சானோ மாமாவோ பார்த்துக்கொள்வார். பணத்தை வங்கி வழியே அனுப்பிவிடலாம். ஆனால் ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் பெயர் மாற்றுவதும் இன்சூரன்சில் பெயர் மாற்றுவதும் ‘அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடப்படுகின்றன. வெளிநாட்டில் வேலை செய்பவருக்கு அந்த அடுத்த முறை வர இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை வேறொருவர் பெயரில் ஓடும் வண்டியால் வரக்கூடிய இழப்பு, வண்டியின் விலையைக் காட்டிலும் பல மடங்கு பெரியதாக இருக்கலாம்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பை விற்பவரும் வாங்குபவரும் மனத்தில் கொள்ள வேண்டும். பல கைகள் மாறியிருந்த ஒரு கார் விபத்தை ஏற்படுத்தியபோது, அதை விற்றுப் பல காலம் ஆகியிருந்தும், பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றும் இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் நீதிமன்றம் கூறியது. வாங்கியவருக்கோ வேறு வகையில் ஆபத்து இருக்கிறது: பாலிசி தம் பெயரில் இல்லாததால் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்திற்கு ஒரு ரூபாயும் கிடைக்காமல் போகலாம், விற்றவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் எல்லோரையும் தேடிச் சென்று கையெழுத்துக் கேட்க நேரிடலாம். ஆகவே ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர், கூடுமானவரை ஊரில் இருந்து கையெழுத்துப் போடக்கூடியவருடையதாக இருக்க வேண்டும். பின்வரும் படிகள் அனைத்தும் இதற்காகவே.

முதல் படி: யார் பெயரில் வாங்குவது

பணம் அனுப்புபவர் பெயரில்தான் வண்டி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வாப்பா, அம்மா, மனைவி என்று ஊரில் நிலையாக வசிக்கும் ஒருவர் பெயரில் வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கார் ஒன்றைப் பதிவு செய்துகொள்வதற்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. கார் ஓட்டத் தெரியாத தாயாரும் உரிமையாளராக இருக்கலாம். ஆதாரில் கடற்கரை ஊரின் முகவரி இருப்பதும், அந்த ஆதாரோடு இணைந்த கைபேசி எண் ஊரிலேயே இயங்குவதும் இன்றைய நடைமுறையில் பாதி வேலையை முடித்துவிடுகின்றன. ஏனென்றால் மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் விண்ணப்பத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஓடிபி வருகிறது. துபாய் சென்ற பிறகு ரீசார்ஜ் செய்யாமல் விட்ட இந்திய சிம் எண்ணுக்கு அது வந்தால், வேலை அங்கேயே நின்றுவிடும்.

தம் பெயரில்தான் வேண்டும் என்பவர்கள் ஆதாரில் உள்ள முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இந்திய எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்துக்கொண்டு, அதன் பிறகே வண்டி தேடத் தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: காகிதத்தையும் இரும்பையும் சோதித்தல்

வண்டி எண்ணை வைத்துக்கொண்டு பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ பார்த்தால், பதிவான தேதி, எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் முடியும் தேதி, கடன் நிலுவை ஆகியவற்றைத் துபாயில் அமர்ந்தபடியே அறிந்துகொள்ளலாம். விற்பவரின் பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒன்றா என்பதே முதல் கேள்வி. இரண்டும் வேறாக இருந்தால், இடையில் யாரோ பெயர் மாற்றாமல் கைமாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பதிவில் உள்ள உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போடும்வரை முன்பணம்கூடக் கொடுக்கக் கூடாது. புரோக்கர்கள் வெற்றுப் படிவங்களில் வாங்கி வைத்திருக்கும் கையெழுத்தை நம்பிப் பணம் கொடுப்பது, இக்கடற்கரையில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

அடுத்ததாக, ஆர்.சி.யில் வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடன் அடைந்துவிட்டது என்று வாயால் சொல்வது போதாது. கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், அந்நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. நிலுவையில் உள்ள இ-சலான்களை விற்பவரே கட்டி முடிக்க வேண்டும். வண்டி திருட்டு வழக்கில் சம்பந்தப்பட்டதா என்பதை தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் அறிந்துகொள்ளலாம். வாடகைக்கான டி-போர்டாக ஓடி, பின்பு சொந்தப் பயன்பாட்டுக்கான ஓன்-போர்டாக மாற்றப்பட்ட வண்டி என்றால், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம்.

இனி இரும்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் பகுதிகளில் நின்ற வண்டிகள் இரவும் பகலும் உப்புக் காற்றைக் குடித்தவை. மேலே பளபளப்பாகப் பெயின்ட் அடித்துவிடலாம். அடியில் உள்ள தகடு, கதவின் கீழ் விளிம்பு, பிரேக் குழாய், சைலன்சர் இணைப்பு, பானட்டைத் திறந்தால் தெரியும் சஸ்பென்ஷன் மேல்தாங்கி ஆகியவை உண்மையைச் சொல்லிவிடும். வெளிநாட்டில் இருப்பவர் செய்யக்கூடிய ஒன்று உண்டு: தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, டார்ச் விளக்கடித்து அடிப்பாகம் முழுவதையும் காணொளி அழைப்பில் காட்டச் சொல்லலாம். துரு என்பது தேய்மானக் கணக்கில் சேர்வதால் எந்த இன்சூரன்சும் அதற்குப் பணம் தராது. வாங்கும் முன் பார்ப்பது ஒன்றே வழி.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் இதே அளவு கவலைக்குரியது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையில் வீடுகளோடு வாகனங்களும் மூழ்கின. அதே மாதத்தின் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னையும் மூழ்கியது. அந்த ஆண்டுக்கு முன் பதிவான, டிஎன் 69 போன்ற எண் கொண்ட வண்டி விலை குறைவாகக் கிடைத்தால், சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்றும், தரை விரிப்பின் கீழும் சீட் தண்டவாளத்திலும் துரு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முந்தைய பாலிசிகளில் கிளெய்ம் எடுக்கப்பட்டதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்பதில் தவறில்லை.

மூன்றாம் படி: பணமும் டெலிவரி நோட்டும்

2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனைக்கு ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதற்கான தண்டம் பெற்றவர் மீது விழும். எனவே வங்கிக் கணக்கு வழியாக, ஆர்.சி.யில் உள்ள உரிமையாளரின் கணக்கிற்கே பணம் செல்ல வேண்டும். வண்டியை ஒப்படைக்கும்போது தேதியோடு மணியையும் குறிப்பிட்ட டெலிவரி நோட்டில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொள்ள வேண்டும். அன்று காலை நடந்த விபத்துக்கோ விதிமீறலுக்கோ யார் பொறுப்பு என்ற கேள்வி பின்னால் எழுந்தால் அந்த ஒரு காகிதமே பதில் சொல்லும். பாஸ்டேக் பழைய உரிமையாளரின் கணக்கோடு இணைந்திருப்பதால், அவர் அதை மூடிய பிறகு புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்.

நான்காம் படி: வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்

டிஎன் 65 என்ற குறியீட்டை உடைய ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்திற்கு அடிப்படையானவை படிவம் 29, படிவம் 30 ஆகிய இரண்டு. முதலாவது, விற்றவர் விற்பனையைத் தெரிவிப்பது. இரண்டாவது, பெயரை மாற்றித் தருமாறு வாங்கியவர் கேட்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். அசல் ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் எண், புகைப்படம் ஆகியவை உடன் செல்லும். ஆர்.சி. தொலைந்திருந்தால், நகல் பெறுவதற்கான படிவம் 26-ஐ விற்பவர் முதலில் முடிக்க வேண்டும். பெயர் மாற்றத்திற்கான மத்திய அரசுக் கட்டணம் பதிவுக் கட்டணத்தில் பாதி. சொந்தப் பயன்பாட்டுக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய் என்பதால் 300 ரூபாய். இதனுடன் மாநிலச் சேவைக் கட்டணமும் அட்டைக்கான கட்டணமும் சேரும். இடைத்தரகர் ஆயிரக்கணக்கில் கேட்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் பேச எளிதாக இருக்கும்.

புதிய ஆர்.சி. அட்டை விரைவு அஞ்சலில் ஆர்.சி. முகவரிக்குத்தான் வருகிறது. பூட்டிய வீட்டின் முகவரியைக் கொடுத்தால் அது திரும்பிவிடும். ஊரில் ஆள் இருக்கும் வீட்டைக் கொடுங்கள்.

வாங்குபவரோ விற்பவரோ வெளிநாட்டில் இருந்து வர முடியாதபோது பவர் ஆஃப் அட்டர்னி தேவைப்படும். நிலம், வீடு எல்லாவற்றையும் உள்ளடக்கிய பொது அதிகாரம் கொடுக்க வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். வண்டியின் பதிவு எண், சேசிஸ் எண், என்ஜின் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்திடவும் இன்சூரன்ஸ் வேலைகளைச் செய்யவும் மட்டும் அதிகாரம் தரும் தனி ஆவணமே போதும். வளைகுடாவில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ பாஸ்போர்ட்டுடன் சென்று, அதிகாரியின் முன் கையெழுத்திட்டுச் சான்றொப்பம் பெற வேண்டும். 2021-இல் சிங்கப்பூரிலும் 2022-இல் சவூதி அரேபியாவிலும் அந்நாட்டு அரசே ஆவணத்துக்குச் சான்றளிக்கும் அப்போஸ்டில் முறை நடைமுறைக்கு வந்திருப்பதால், அங்கிருப்பவர்களுக்கு அந்த வழியும் உண்டு. ஆவணம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை செலுத்த வேண்டும் என்பது இந்திய முத்திரைச் சட்டம். தமிழ்நாட்டில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இது முடிக்கப்படுகிறது. தூதரக முத்திரை இருக்கிறதே என்று நம்பி இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

புதுச்சேரி, காரைக்கால், கேரளப் பதிவெண் கொண்ட வண்டிகள் இங்கே மலிவாக விற்கப்படுவதுண்டு. அந்த மலிவு பாதி பொய். வேறு மாநில வண்டிக்கு அங்கிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று பெற வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருக்கும் வண்டிக்குத் தமிழ்நாட்டுப் பதிவெண் எடுக்க வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டுச் சாலை வரியும் கட்ட வேண்டும். அந்த வரியை விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே பேச வேண்டும். பதிவாகி 15 ஆண்டுகளை நெருங்கும் வண்டிகளிலும் எச்சரிக்கை தேவை. 15-ஆம் ஆண்டு முடிவில் தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உப்புக் காற்றில் அடித்தகடு அரித்த கார் அந்தச் சோதனையில் தேறுவது கடினம்.

மீன் ஏற்றுவதற்கு ‘குட்டி யானை’ வாங்குபவர்களுக்கு இவை போதாது. அது வணிக வாகனம் என்பதால் தகுதிச் சான்று, பர்மிட், ஓட்டுநரின் உரிமம் என்று விதிகள் தனியானவை. சொந்தக் கார் பாலிசியோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஐந்தாம் படி: இன்சூரன்ஸ்

வண்டி கைமாறியதும் பாலிசியும் தானாகவே கூட வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்திருப்பது உண்மையே; ஆனால் அது மூன்றாம் நபருக்கான, அதாவது உங்கள் வண்டியால் பாதிக்கப்படும் வெளியாருக்கான, பாதுகாப்பைப் பொறுத்தது. உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்திற்கான பகுதி, வாங்கியவர் நிறுவனத்திற்கு விண்ணப்பித்து, நிறுவனம் அவர் பெயரை ஏற்றுக்கொண்ட பிறகே உயிர் பெறும். விண்ணப்பிக்க வேண்டிய கெடு 14 நாட்கள். ஆர்.சி. அட்டை கைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், கையெழுத்தான படிவம் 29, 30 ஆகியவற்றின் நகலையும் டெலிவரி நோட்டையும் விற்பவரின் ஒப்புதல் கடிதத்தையும் இணைத்து உடனே விண்ணப்பித்துவிட வேண்டும்.

இங்கே இரண்டு நுணுக்கங்கள் உண்டு. ஒன்று, 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு 3 ஆண்டு மூன்றாம் நபர் பாலிசி ஒரே தவணையில் எடுக்கப்படுகிறது. ஆகவே இரண்டு வயதான காரை வாங்கினால், மூன்றாம் நபர் பாலிசி ஒரு நிறுவனத்திலும், சொந்த சேதப் பாலிசி இன்னொரு நிறுவனத்திலும் இருக்கக்கூடும். இரண்டிலும் பெயர் மாற வேண்டும். மற்றொன்று, கிளெய்ம் எடுக்காத ஆண்டுகளுக்காகத் தரப்படும் நோ கிளெய்ம் போனஸ். 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை உயரும் அந்தத் தள்ளுபடி வண்டியோடு வருவதில்லை. அது விற்றவருக்கே உரியது. எனவே பெயர் மாற்றும்போது, பாலிசியின் மீதிக் காலத்திற்குரிய தள்ளுபடித் தொகையை நிறுவனம் உங்களிடம் கேட்கும். அதைக் கட்டத் தயங்கிப் பழைய பெயரிலேயே விட்டுவைப்பவர் சில ஆயிரங்களை மிச்சப்படுத்தி, சில லட்சங்களைப் பணயம் வைக்கிறார்.

பாலிசி காலாவதியாகிவிட்டிருந்தால் புதிதாக எடுப்பதே எளிது. மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி 1000 சிசி வரையிலான காருக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இதுவும் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். சொந்த சேதத்தையும் சேர்த்த ஃபுல் கவர் எடுப்பதானால் நிறுவனத்தின் ஆள் வண்டியைப் பார்வையிடுவார். வண்டியின் மதிப்பாக எழுதப்படும் ஐ.டி.வி.யைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தைக் குறைக்க முகவர் முன்வந்தால் ஏற்க வேண்டாம். வண்டி முழுவதுமாகப் போனால் கிடைப்பது அந்தத் தொகையை ஒட்டியதுதான்.

நம் கடற்கரைக்கு என்று நான் கூடுதலாகப் பரிந்துரைப்பது என்ஜின் பாதுகாப்புச் சேர்ப்பு. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கிய தெருவில் வண்டியைக் கிளப்பி, என்ஜினுக்குள் நீர் புகுந்து பழுதானால், வழக்கமான ஃபுல் கவர் அதற்குப் பணம் தராது. 2024 நவம்பரில் ராமேசுவரம், பாம்பன் பக்கம் ஒரே நாளில் கொட்டித் தீர்த்த மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதோடு, பெற்றோரை அழைத்துச் செல்ல ஆக்டிங் டிரைவரை வைப்பவர்கள், சம்பள ஓட்டுநருக்கான பொறுப்பைப் பாலிசியில் சேர்க்கச் சொல்ல வேண்டும்; அதற்கான பிரீமியம் மிகச் சிறிய தொகையே. ஓட்டுநர் உரிமம் உள்ள உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு கட்டாயம். உரிமம் இல்லாத தாயார் பெயரில் வண்டி இருந்தால் அது பொருந்தாது என்பதால், அந்தப் பிரீமியத்தை வாங்கியிருந்தால் கேள்வி கேட்கலாம்.

வீட்டில் சும்மா நிற்கிறதே என்று ராமேசுவரத்துக்கும் ஏர்வாடிக்கும் வருவோருக்கு வாடகைக்கு விட உறவினர் விரும்பலாம். அன்போடு, ஆனால் திட்டவட்டமாக மறுத்துவிடுங்கள். வெள்ளைப் பலகை வண்டி வாடகைக்கு ஓடும்போது விபத்து நேர்ந்தால் நிறுவனம் பணம் தர மறுக்க இடம் உண்டு. பர்மிட் இல்லாமல் ஓட்டிய குற்றமும் சேரும். விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் அறிவிப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும்.

உரிமையாளர் இறந்துபோனால்

தகப்பனார் பெயரில் இருந்த கார் அவர் மறைவுக்குப் பின் வாசலில் நிற்பதும், பிள்ளைகள் ஒருவர் குவைத்திலும் ஒருவர் கோலாலம்பூரிலும் இருப்பதும் நம் ஊர்களில் சகஜம். இதற்கு உரியது படிவம் 31. மரணத்தை 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்துவிட்டு, 3 மாதங்களுக்குள் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மை உறுதிமொழி ஆகியவை தேவைப்படும். வெளிநாட்டில் உள்ள வாரிசு அந்த உறுதிமொழியில் தூதரகச் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டியிருப்பதால், முதல் வாரத்திலேயே அதைத் தொடங்குவது நல்லது. பாலிசியையும் அதே வேளையில் மாற்ற வேண்டும்.

வளைகுடா வண்டியும் வளைகுடா உரிமமும்

அங்கே ஓட்டிய காரையே ஊருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில், முடியாது என்பதே. பழைய காரை இறக்குமதி செய்ய அது 3 ஆண்டுக்கு மேற்படாததாகவும் ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். வளைகுடாக் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறது.

ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி விடுப்பில் வருபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அமீரகத்து உரிமம் மட்டும் கையில் இருப்பது இங்கே ஓட்டுவதற்குப் போதாது. இந்திய உரிமம் வெளிநாட்டில் இருக்கும்போதே காலாவதியாகியிருக்கக்கூடும். அப்படிப்பட்டவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், மேலே சொன்ன படிகளை எல்லாம் ஒழுங்காக முடித்திருந்தாலும் நிறுவனம் கைவிரிக்கும். உரிமம் முடிவதற்கு ஓர் ஆண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஓர் ஆண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். விமானச் சீட்டு எடுக்கும்போதே உரிமத்தின் தேதியையும் பாலிசி முடியும் தேதியையும் எடுத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று முடிந்திருந்தாலும், அதைச் சரிசெய்யும்வரை விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வேறொருவர் ஓட்டும் வண்டியிலேயே வாருங்கள்.